உங்க வண்டில என்ன குறை இருந்துச்சு?

எல்லாருக்கும் வணக்கம். கார் மேல உசுரா இருக்கிறவங்க நாலு பேர் ஒரு இடத்துல சேர்ந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், எது நல்ல வண்டின்னு பேச்சு ஆரம்பிக்கும், ஒருத்தர் பிக்கப்பம்பார், இன்னொருத்தர் மைலேஜம்பார், மூணாவது ஆள் அந்தக் காலத்து பாடி மாதிரி வருமான்னு ஒரே போடா போட்டுடுவார். நான் இன்னைக்கு உங்ககிட்ட கேக்க வந்தது வேற. உங்க வண்டில என்ன குறை இருந்துச்சு, அத எப்படி சமாளிச்சீங்க? ஏன்னா ஒரு காரப் பத்தின ஞாபகம் தங்கி இருக்கிறதே அங்கதான்னு நான் நம்புறேன்.

எங்க அப்பா வச்சிருந்தது சோக் வச்ச வண்டி, அதாவது இஞ்சின ஸ்டார்ட் பண்ண கையால இழுத்து விடுற ஒரு குமிழ் இருக்கும். காலைல இஞ்சின் ஆறிப் போய் கிடக்கும்போது சோக்க முழுசா இழுக்கணும், ஆக்ஸிலரேட்டர தொடக்கூடாது, ஸ்டார்ட் ஆன உடனே சோக்க பாதி உள்ள தள்ளணும், அப்புறம் இஞ்சின் சத்தம் லேசா மாறும் பாருங்க, அந்த நேரம் மிச்சத்தையும் தள்ளணும். லேட் பண்ணினா பிளக் நனைஞ்சு கறுப்புப் புகையா கக்கும், அவசரப்பட்டா ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடும். "எப்பப்பா தள்ளணும்?"னு கேட்டா, "காத குடு, அதுவே சொல்லும்"பார். எனக்கு ரொம்ப நாள் ஒண்ணுமே கேக்கல. ஒரு நாள் கேட்டுச்சு. அன்னைக்கு அப்பா ஒண்ணும் சொல்லல, கதவ திறந்து எறங்கி அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிட்டார், நான் ஓட்டினேன்.

விஷயம் சின்னதுதான். ஆறின இஞ்சின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால சோக் காத்த குறைச்சு பெட்ரோல கூட்டி விடும், சூடானதும் அது தேவையில்ல. இன்னைக்கு இந்த வேலைய சென்சாரும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும் பாத்துக்குது, நம்மள விட நல்லாவே பாத்துக்குது. ஆனா அந்த சத்தம் மாறுறத பிடிக்கிற காது இருக்கே, அது நாங்க சொல்லலைன்னா எங்களோட போயிடும்.

காரோட மொத நீண்ட பயணமே ஒரு ரிப்பேர் கதைதாங்க. ஜெர்மனில கார்ல் பென்ஸ் 1886ல தன்னோட மோட்டார் வண்டிக்கு பேட்டன்ட் வாங்கினார், ஆனா வண்டிய வாங்க ஆள் வரல. 1888 ஆகஸ்ட்ல அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், புருஷன்கிட்ட சொல்லாம ரெண்டு பசங்கள கூட்டிக்கிட்டு மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும், கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், வண்டிய எடுத்துட்டு கிளம்பிட்டாங்க. பெட்ரோல் பங்க் எல்லாம் ஏது, வழில வீஸ்லோக்ங்கிற ஊர்ல ஒரு மருந்துக்கடைல லிக்ராயின்னு பெட்ரோல் மாதிரி ஒரு திரவத்த வாங்கி ஊத்தினாங்க. எரிபொருள் குழாய் அடைச்சப்ப தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க, பிரேக் தேஞ்சப்ப செருப்பு தைக்கிறவர்கிட்ட தோல் வச்சு அடிச்சு வாங்கினாங்க. மேட்டுல வண்டி ஏறல, தள்ளித்தான் ஏத்தினாங்க. திரும்பி வந்து இதெல்லாம் சொன்ன பிறகு மேடு ஏற தனியா ஒரு கியர் வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அந்தம்மா வந்து "வண்டி சூப்பரா ஓடுச்சு"ன்னு மட்டும் சொல்லியிருந்தா?

1959ல வந்த மினிங்கிற பிரிட்டிஷ் குட்டிக் காரும் அப்படித்தான். அத வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் இஞ்சின குறுக்க திருப்பி வச்சு, கியர்பாக்ஸ அதுக்கு அடியிலேயே சேர்த்து, பத்து இன்ச் சக்கரத்த போட்டு மூணு மீட்டர் வண்டில நாலு பேர உக்கார வச்சார், அது அசாத்திய மூளை. ஆனா பிளக்குகளுக்கு கரண்ட பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் நேரா முன்பக்க கிரில்லுக்கு பின்னாடி வந்துடுச்சு, கனமழைல தண்ணி பட்டா வண்டி நின்னுடும். ஓட்டினவங்க ரப்பர் கையுறைய எடுத்து அது மேல மாட்டி, விரல் நுனிய வெட்டி அது வழியா வயர விட்டாங்க. மினி வச்சிருந்தவங்ககிட்ட பேசினா டிசைனப் பத்தி ரெண்டு நிமிஷம், அந்த கையுறைய பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க.

சரி, அந்தக் காலத்து பாடி விஷயத்துக்கு வர்றேன், இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். பழைய வண்டின்னா இரும்பு, இப்ப உள்ளது தகரம், இடிச்சா நசுங்கிடும்னு நானே பல வருஷம் பேசியிருக்கேன். 2009ல அமெரிக்கால இன்சூரன்ஸ்காரங்க நடத்துற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1959 செவ்ரலே பெல் ஏரையும் 2009 செவ்ரலே மலிபுவையும் நேருக்கு நேர் மோத விட்டாங்க, அந்த வீடியோவ பாத்தவங்க மறக்க மாட்டீங்க. பெல் ஏர்ல டிரைவர் உக்கார்ற இடமே மடங்கிப் போச்சு, ஸ்டியரிங் உள்ள வந்துடுச்சு. மலிபுவோட முன்பக்கம் நொறுங்குச்சு, உள்ள டிரைவருக்கு பதிலா வச்சிருந்த சோதனை பொம்மைக்கு கால்ல அடி, அவ்வளவுதான். வண்டி நசுங்குறதுதான் நம்மள காப்பாத்துது, மோதுற வேகத்த முன்பக்கம் வாங்கிக்கணும், ஆள் இருக்கிற கூடு அசையக்கூடாது. மூணு இடத்துல பிடிக்கிற சீட் பெல்ட்ட வால்வோ இஞ்சினியர் நீல்ஸ் போலின் கொண்டு வந்ததும் அதே 1959தான், அந்த கம்பெனி பேட்டன்ட்ட எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. அதனால பழசு மேல உள்ள பாசத்த பாசமாவே பேசுவோம், உயிர் விஷயத்துல அத கருத்தாக்கி சின்னப் பசங்க தலைல ஏத்த வேண்டாம்.

அந்த சின்னப் பசங்கள்ல ஒருத்தர் என்கிட்ட கேட்டார், எங்க எலக்ட்ரிக் வண்டில குறையே இல்லையே, நாங்க என்னத்த சொல்றதுன்னு. ஏன் இல்ல? குளிர்ல பேட்டரி குறையுறப்ப ஹீட்டர அணைச்சுட்டு வீடு வந்து சேர்ந்தது இருக்குல்ல, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தாலே வண்டி தானா வேகம் குறையுதே, அதுக்கு பாதம் பழகின அந்த மொத வாரம் இருக்குல்ல. அதையும் சொல்லுங்க, விவரமா சொல்லுங்க, நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க.

மைக்க கீழ அனுப்புறேன். உங்க மொத வண்டி, காலைல, ஆறிப் போன இஞ்சின். எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க? கைய எங்க வப்பீங்கங்கிறதுல இருந்து ஆரம்பிங்க.