கே-1 தாளில் 50,000 நட்டம், கழிக்க முடிந்தது 30,000

வணக்கம் மக்களே. கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். நடுவில் கிரைண்டர் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கான மாவு ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே அமெரிக்காவில் எஸ் கார்ப்பரேஷன் (லாப நட்டம் பங்குதாரரின் சொந்த வரிக் கணக்குக்கே வந்துவிடும் கம்பெனி) வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் கேட்கும் கேள்வி இது: "கம்பெனி நட்டம் என் கே-1-இல் வந்துவிட்டது, அதை அப்படியே என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமா?" நானும் அப்படித்தான் நினைத்தேன். கே-1 என்பது, லாப நட்டத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கம்பெனி தரும் தாள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) கிடையாது. அடிபட்டுக் கற்றுக்கொண்டவன்.

என் கணக்கையே சொல்கிறேன். 2022-இல் கம்பெனி தொடங்கினேன், முழுப் பங்கும் என்னுடையது. முதலாகப் போட்டது 20,000 டாலர். அப்புறம் கைக்காசிலிருந்து கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தது 10,000. மிஷின் வாங்கவும் வாடகைக்கும் கம்பெனி பேரில் பேங்க்கில் 60,000 கடன். அதற்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது. முதல் வருடமே 50,000 நட்டம்.

அறுபதாயிரத்துக்கு நான்தானே பொறுப்பு, அதனால் முழு நட்டத்தையும் கழிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போது வரிக் கணக்கு பார்த்தவரும் தலையாட்டினார். தப்பு. வரிச் சட்டத்தின் 1366-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: உங்கள் பங்கு முதல், நீங்கள் நேரடியாகக் கொடுத்த கடன், இரண்டும் சேர்ந்த 'பேசிஸ்' எவ்வளவோ, அவ்வளவுதான் கழிக்க முடியும். ஜாமீன் கையெழுத்து பேசிஸ் ஆகாது. கம்பெனி கட்ட முடியாமல் போய், ஜாமீன்தாரராக உங்கள் பாக்கெட்டிலிருந்து பணம் போனால்தான், போன தொகை கணக்கில் ஏறும். ஆக எனக்குக் கிடைத்தது 30,000. மீதி 20,000 நிறுத்தி வைக்கப்பட்டது.

இதில் குழப்புவது எல்.எல்.சி. (இன்னொரு வகைக் கம்பெனி அமைப்பு) வைத்திருக்கும் நண்பர்கள்தான். பார்ட்னர்ஷிப்பாக வரி கட்டும் எல்.எல்.சி.யில் கம்பெனி வாங்கிய கடனிலும் கூட்டாளிக்குப் பேசிஸ் பங்கு உண்டு. எஸ் கார்ப்பில் கிடையாது. அவர்கள் சொன்னார்கள் என்று கேட்டு ஏமாறாதீர்கள். அந்த 60,000-ஐ நான் என் பேரில் வாங்கி, நான் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தால் கதையே வேறு. பணம் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதுவும் டிசம்பர் 31-க்குள் போயிருக்க வேண்டும். ஜனவரியில் போட்ட பணம் போன வருட நட்டத்துக்கு உதவாது.

இன்னொன்று. வருடத்தின் நடுவில் கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூஷன், அதாவது சம்பளமாக இல்லாமல் பங்குதாரராகப் பணம், எடுத்தீர்களா? அது முதலில் பங்கு பேசிஸைக் குறைக்கும், அதற்குப் பிறகுதான் நட்டத்தின் முறை வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போக 8,000 எடுத்திருந்தால், கழிக்கும் இடத்திலும் 8,000 போய்விடும்.

பேசிஸ் தாண்டினாலும் வேறு மூன்று வாசல் உண்டு. அட்-ரிஸ்க் விதி (உங்கள் பணம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் கழிக்கலாம் என்பது) பலருக்குப் பெரிதாக இடிக்காது. பேசிவ் விதிதான், அதாவது நீங்கள் உழைக்காத தொழிலின் நட்டம் பற்றிய விதிதான், இடிக்கும். டல்லாஸில் இருக்கும் என் மச்சான் தன் நண்பனின் கம்பெனியில் பங்கு வாங்கியிருக்கிறான், ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அவன் பங்கு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, பேசிவ் வருமானம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலை பார்த்தேன் என்று காட்டப் பல அளவுகோல்கள் உண்டு, எல்லோரும் சொல்வது வருடத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல் என்பது. எனக்கு அது இரண்டே மாதத்தில் முடிந்துவிடும்! கடைசி வாசல் பெரிய ஆட்களுக்கு: 2025-க்குத் தனியாளுக்கு 313,000 டாலர், தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 626,000. அதற்கு மேல் போகும் தொழில் நட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

நிறுத்தி வைத்த அந்த 20,000 வீணாகவில்லை. காலக்கெடு இல்லாமல் அடுத்தடுத்த வருடங்களுக்கு வரும். ஆனால் பங்கை முழுதாக வேறு ஒருவருக்கு விற்றுவிட்டால் பேசிஸ் இல்லாமல் நின்ற நட்டம் அதோடு போச்சு. எனக்கு 2023-இல் 25,000 லாபம் வந்தது, பழைய இருபதைக் கழித்ததும் மிச்சம் 5,000-க்குத்தான் வரி.

இதையெல்லாம் எழுத 2021 வரி வருடத்திலிருந்து படிவம் 7203 இருக்கிறது. நட்டம் கழித்தாலும், டிஸ்ட்ரிபியூஷன் வாங்கினாலும், பங்கை விற்றாலும், கொடுத்த கடன் திரும்ப வந்தாலும் அதை வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும்.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. கம்பெனி என் 10,000-ஐத் திருப்பித் தரலாமே என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நட்டம் அந்தக் கடனின் பேசிஸை முழுதாகத் தின்றுவிட்டது. அந்த 2023 லாபத்தில் மிஞ்சிய 5,000 அதில் திரும்ப ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது பத்தாயிரத்தை வாங்கினால் ஐயாயிரம் வருமானமாகிவிடும், சொந்தப் பணத்துக்கே வரி! புரோநோட்டு எழுதி வைத்திருப்பதால் அது மூலதன ஆதாயமாகப் போகும், வாய்ப்பேச்சுக் கடனாக இருந்தால் சாதாரண வருமானம். அதனால் இன்னொரு ஐயாயிரம் லாபம் ஏறட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரி, கிரைண்டர் நின்றுவிட்டது, மாவை வழிக்கப் போகிறேன்.