மெக்காலே கொண்டுவந்த ஆங்கிலம் பெண்களுக்கும் சேர்த்தா?

இந்தியாவில் ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று 1835-இல் அரசுக்குக் குறிப்பு எழுதிய ஆங்கிலேய அதிகாரி மெக்காலே பற்றிய என் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஐயா, அந்த ஆங்கிலப் படிப்பு எங்கள் பாட்டிமார்களுக்கும் சேர்த்துத்தானா?" இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இல்லை அம்மா. அந்த 1835 குறிப்பை முழுக்கப் படித்துப் பாருங்கள், நம் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சே கிடையாது. நான் அடிக்கடி சொல்வது உங்களுக்குத் தெரியும்: ஆங்கிலம் உத்தியோகத்தின் பின்னால் வந்தது. பையன் படித்தால் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், குமாஸ்தா ஆகலாம். பெண்ணுக்கு எந்தக் கச்சேரியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்? 1849-இல் கல்கத்தாவில் பெத்தூன் பெண்கள் பள்ளி தொடங்கியபோதுகூட வங்காள மொழிதான் முதல் பாடம். ஆங்கிலம், பெற்றோர் விரும்பினால் மட்டும்.

சரி, படிக்க வந்தவள் வீட்டில் என்ன பாடுபட்டாள் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஆசை. புனேவில் ரமாபாய் ரானடே. சமஸ்கிருதம் கற்ற சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய் வேறு, இவர் வேறு. 1873-இல் கல்யாணம், அவருக்கு வயது 11, கணவர், நீதிபதியும் சீர்திருத்தவாதியுமான மகாதேவ கோவிந்த ரானடேவுக்கு 31. மராத்தி எழுத்தையே கணவர்தான் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் ஆங்கிலம். அதற்கு ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டுக்கு வந்து பாடம் நடத்தினார். வந்தது வினை! பாடம் முடிந்ததும் குளித்துவிட்டு வந்தால்தான் வீட்டுப் பெண்கள் கிட்டே சேர்ப்பார்கள். அந்நியப் பெண்ணைத் தொட்ட தீட்டு. தினமும் பாடம், தினமும் குளியல், கூடவே ஏச்சு. அத்தனையும் பொறுத்துக்கொண்டு படித்தார் அந்தச் சின்னப் பெண். எந்த அரசு ஆணையில் இதெல்லாம் எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்!

அந்தப் பெத்தூனில் படித்த காதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் 1883-இல் பி.ஏ. பட்டம் வாங்கினார்கள். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920-இல், கேம்பிரிட்ஜ் 1948-இல். காதம்பினி அதோடு நிற்காமல் மருத்துவமும் படித்தார். 1888-இல் டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் மாதம் 300 ரூபாய் சம்பளம். பாருங்கள், மறுபடியும் உத்தியோகம்! கோஷா, அதாவது திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்கள், ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள், அதனால் பெண் டாக்டர் வேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பெண் டீச்சர் வேண்டியிருந்தது. நாற்காலி வந்ததும் ஆங்கிலமும் வந்தது.

நம் சென்னையில் 1911-இல் பி.ஏ. முடித்த சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளைச் சேர்த்து டீச்சர் வேலைக்குத்தான் தயார்ப்படுத்தினார். அவர்கள் தங்கிப் படித்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தின் கதை பெரியது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.