கேட் என்றால் தெரு

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குப் போய்வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கானன்கேட்டில் கட்டாயம் நடந்திருப்பீர்கள். கோட்டையிலிருந்து ஹாலிரூட் அரண்மனை வரை இறங்குகிறதே ராயல் மைல், அதன் கீழ்ப்பகுதி. பெயரைப் படித்ததும் இங்கே ஏதோ ஒரு வாசல் இருந்திருக்கும், பிற்பாடு இடித்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஏனென்றால் கேட் நமக்கு அவ்வளவு பழக்கமான சொல், வீட்டுக்கு வீடு ஒரு கேட், ஊருக்கு ஊர் ரயில்வே கேட். லண்டனில் அப்படி நினைத்தால் சரிதான். ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட் எல்லாம் நிஜமாகவே மதில்வாசல் இருந்த இடங்கள். ஸ்காட்லாந்தில் அந்தக் கணக்கு செல்லாது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் கேட் என்றால் தெரு, பாதை, போகிற வழி. 1128இல் தொடங்கிய ஹாலிரூட் மடத்தில் இருந்த துறவிகளுக்கு கேனன்கள் என்று பெயர். அவர்கள் போய்வந்த வழி கானன்கேட். அவ்வளவுதான்.

ஸ்காட்ஸ் என்று நான் சொல்வது ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான கேலிக் மொழியை அல்ல, அது வேறு குடும்பம். ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. 1700 வரை உள்ளதைப் பழைய ஸ்காட்ஸ் என்று அகராதிக்காரர்கள் பிரிக்கிறார்கள். கேட் அதற்குள் வந்தது வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியிலிருந்து. ஸ்வீடனில் இன்றைக்கும் தெருவுக்கு 'காத்தா' என்றுதான் பலகை வைக்கிறார்கள். வைக்கிங்குகள் குடியேறிய வட இங்கிலாந்தில் இந்தச் சொல் ஊன்றிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் ஸ்காட்லாந்தில் வணிக நகரங்களை ஏற்படுத்தியபோது வட இங்கிலாந்திலிருந்து நிறையப் பேர் பிழைக்க வந்தார்கள், கூடவே அவர்கள் பேச்சும் வந்தது. யார்க் நகரில் இப்போதும் ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று தெருக்கள் உண்டு, மதில்வாசல்களுக்கு அங்கே பெயர் 'பார்'.

இந்தச் சாவி கையில் இருந்தால் ஸ்காட்லாந்தின் ஊர்வரைபடமே படிக்கத் திறக்கிறது. மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன வழி கௌகேட். தேவாலயத்துக்குப் போவது கிர்க்கேட், கடலுக்குப் போவது டண்டியில் உள்ள சீகேட். கிளாஸ்கோவின் டிரான்கேட்டில் 'டிரான்', அதாவது சரக்கை எடைபோடும் பொதுத் தராசு இருந்தது. கேலோகேட் கிளாஸ்கோவிலும் உண்டு, அபர்டீனிலும் உண்டு. அது தூக்குமரத்துக்குப் போகிற வழி, அந்தப் பெயரோடு இன்றைக்கும் அங்கே கடைகள் நடக்கின்றன, மக்கள் விலாசம் எழுதுகிறார்கள். பழைய பத்திரம் ஒன்றில் மனைக்கு எல்லை 'ஹை கேட்' என்று இருந்தால் உயரமான வாசலைத் தேடிப் போகாதீர்கள், அது ஊரின் பெரிய தெரு.

அப்படியானால் நிஜமான வாசலுக்கு என்ன சொன்னார்கள்? 'போர்ட்.' துறைமுகம் இல்லை, பிரெஞ்சு வழியாக வந்த, வாசல் என்றே பொருள்படும் சொல். கானன்கேட் தொடங்குகிற மேல்முனையில் நெதர்போ போர்ட் என்று எடின்பரோவின் மதில்வாசல் நின்றது. குழப்பம் அங்கேதான், தெருவின் முனையில் வாசலும் இருந்ததால் அந்த வாசல்தான் கேட் என்று ஆட்கள் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் கானன்கேட் மதிலுக்கு வெளியே கிடந்த தனி ஊர், 1856 வரை அதற்குத் தனி நிர்வாகம்.

1745 செப்டம்பர் 17, விடிந்தும் விடியாத நேரம். பிரிட்டிஷ் அரியணை தன் குடும்பத்துக்குத்தான் என்று கிளம்பிய ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸின் படை நகரத்தைக் கேட்டு வெளியே நிற்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போன நகரப் பிரதிநிதிகளை இறக்கிவிட்ட கோச்சு வண்டி லாயத்துக்குத் திரும்ப வேண்டும், லாயம் இருப்பது கானன்கேட்டில், அதாவது மதிலுக்கு அந்தப் பக்கம். வண்டியை வெளியே விட நெதர்போ போர்ட்டைத் திறக்கிறார்கள். இருட்டில் பதுங்கியிருந்த அவர் படையின் கேமரன் குலத்து ஹைலாண்டர்கள், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள், அந்த இடைவெளியில் உள்ளே பாய்ந்துவிடுகிறார்கள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்காமல் நகரம் கைமாறிவிட்டது. 1764இல் அந்த வாசலையே இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தைச் சாலையில் பித்தளைக் கற்கள் பதித்து இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'யெட்'. ஆங்கிலத்தின் கேட்டும் ஸ்காட்ஸின் யெட்டும் ஒரே பழைய ஆங்கிலச் சொல்லின் பிள்ளைகள், உச்சரிப்பில்தான் பிரிந்துபோனார்கள். கோட்டைவீடுகளில் யெட் என்றால் கனமான இரும்புக் கிராதிக் கதவு. ஒரு பாதியில் குறுக்குக் கம்பியைத் துளைத்து நெடுக்குக் கம்பி போகும், மறுபாதியில் நெடுக்கைத் துளைத்துக் குறுக்குக் கம்பி போகும். ஆணியைக் கழற்றி உருவிவிடலாம் என்ற பேச்சே கிடையாது. இங்கிலாந்து எல்லைப்புறத்துக் கொள்ளைக் குடும்பங்கள் இதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் அடங்காததால், 1600களின் தொடக்கத்தில் அந்த யெட்டுகளைப் பிடுங்க அரசாங்கமே உத்தரவு போட்டது.

சரி, மறுபடி கேட்டுக்கு வருகிறேன். அது தெருவோடு நிற்கவில்லை. 'டாக் த கேட்' என்றால் புறப்படு. ஸ்காட்லாந்துக் கவிஞர் பர்ன்ஸ் தன் டாம் ஓ ஷாண்டர் கவிதையின் தொடக்கத்தில், சந்தை முடியும் நேரத்தில் மக்கள் 'டாக் த கேட்' என்கிறார். அவர்கள் வாசலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். 'நே கேட்' என்றால் எங்கேயும் இல்லை. 'ஸ்வாகேட்' என்றால் அவ்வாறு. பாதைக்கான சொல் விதத்துக்கும் ஆகிவிட்டது. நம் 'அவ்வாறு', 'எவ்வாறு' இரண்டிலும் உள்ள ஆறும் வழிதானே.

அப்புறம் எழுத்து. பழைய ஸ்காட்ஸில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் பின்னால் ஒரு 'ஐ' சேர்ப்பார்கள், அதனால் இதே சொல்லை ஜி, ஏ, ஐ, டி என்றும் எழுதினார்கள். வழி, போகிற விதம், நடக்கிற விதம் என்று பொருள் நகர்ந்துபோக, நடையைக் குறிக்கும்போது மட்டும் ஆங்கிலேயர்கள் அந்த ஸ்காட்ஸ் எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். எலும்பு டாக்டர் நோயாளியை நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு 'கெய்ட்' சரியில்லை என்று சீட்டில் எழுதுகிறாரே, அது கானன்கேட்டில் இருக்கிற அதே கேட்.