யானை இறந்தாலும் ஆயிரம் பொன்னா?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அதிபர் அம்மா அவர்களே, மழையிலும் வந்திருக்கும் மட்டக்களப்புப் பெருமக்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளரை விட்டால் கோபித்துக்கொள்வார். அவருக்குத் தனி வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சர் சாமுவேல் பேக்கரை வேட்டைக்காரர், நாடுகாண் பயணி, ஆட்சியாளர் என்று மூன்றாகப் பிரித்துப் பேசப்போகிறேன்.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்போம். 1846இல் இலங்கைக்கு வந்த பேக்கர் சுட்ட யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே இல்லை. நம் தீவில் கொம்பன் யானை குறைவு. வாலை அறுத்துக்கொண்டு உடலைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அரசாங்கம் கொடுத்ததோ தலைக்குச் சில ஷில்லிங். 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வடக்கில் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அந்தக் காசு போனதாக, அப்போது இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். எங்கே ஐயா அந்த ஆயிரம் பொன்?

நுவரெலியாவில் பண்ணை வைக்க இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், நாய்கள், குதிரை வண்டி எல்லாம் கப்பலேற்றினார் பேக்கர். வண்டிக்காரன் பெருங்குடிகாரன். மலைப்பாதையில் வண்டியைக் குதிரைகளோடு உருட்டிவிட்டான். அப்புறம் எசமானுக்குக் கடுதாசி: வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது, நல்லவேளை நான் கூடவே போகவில்லை, பள்ளம் ஒன்றும் ஆழமில்லை, எண்பது அடிதானாம்! சரி, உதவிக்கு ஒரு யானை வந்தது. அதே மனுசன் அதன் மேல் ஏறி, பந்தயக் குதிரை மாதிரி மலையில் விரட்டினான். யானை செத்தது. வண்டிக்காரன் சாகவில்லை. சிரிக்கிறீர்கள்; எனக்கு அந்த யானையின் ஞாபகம்தான்.

1864 மார்ச் 14இல் துணைவி ஃபுளோரன்ஸோடு ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் 'கண்டுபிடித்தார்'. அங்கே வாழ்ந்தவர்கள் அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். 1869இல் எகிப்தை ஆண்ட கெடிவ் அவரை அடிமை வாணிபத்தை ஒடுக்கவென்று தென் நைலுக்கு ஆளுநராக அனுப்பியது பெரிய கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பேக்கர் வேட்டையாடிய மின்னேரியாவுக்குப் பக்கம்தான் ஹபரணை. 2025 பெப்ரவரியில் அங்கே யானைக் கூட்டத்தில் மோதியது நம்முடைய மட்டக்களப்பு ரயில். அன்றைக்கே ஆறு செத்தன. இருந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்லும் நாம், அந்தக் காட்டுத் துண்டில் மட்டும் இரவு ரயிலை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கேட்கிறோம். கொழும்புக்குக் கொஞ்சம் பிந்திப் போனால் என்ன? கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. பிரதேச செயலாளர் ஐயா முதலில் போடுவார் என்று அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.