பஞ்சமா அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது?

நடுவர் ஐயா அவர்களே, சேகர குரு அவர்களே, அசனப் பந்தி எப்போது என்று அடுப்படிப் பக்கம் ஒரு கண் வைத்தபடி எங்களையும் கேட்டுக்கொண்டிருக்கும் சபையாரே, வணக்கம்.

வாழ்க்கையை உருவாக்குவது எண்ணமா, சூழ்நிலையா என்பது தலைப்பு. சூழ்நிலைக்காகப் பேசிய எதிரணி அண்ணாச்சி, இயேசு சொன்ன கதையில் அப்பாவிடம் பங்கு வாங்கிப்போய்த் தூரதேசத்தில் எல்லாவற்றையும் அழித்த இளைய மகன், அந்தக் கெட்ட குமாரனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். பஞ்சம் வந்தது, பன்றி தின்னும் தவிடுகூடக் கிடைக்கவில்லை, அதனால்தான் பையன் வீடு திரும்பினான் என்கிறார். நல்ல வாதம்தான். ஆனால் பஞ்சம் அந்தத் தேசத்துக்கே அல்லவா வந்தது? பசித்தவன் எல்லாம் எழுந்து அப்பா வீட்டுக்கு நடந்தானா? லூக்கா 15:17ஐப் பாருங்கள்: “அவனுக்குப் புத்தி தெளிந்தபோது.” கால் கிளம்புமுன் மனசு கிளம்பிவிட்டது. அப்பாவிடம் என்ன சொல்லவேண்டும் என்று பன்றிகளுக்கு நடுவிலேயே ஒத்திகையும் பார்த்துவிட்டான்.

சரி, அண்ணாச்சி அதே கதையில் வரும் மூத்த மகனை ஏன் கூப்பிடவில்லை? அவனுக்குப் பஞ்சம் இல்லை. வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது, அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். ஆனாலும் தம்பி திரும்பி வந்ததற்காக உள்ளே ஆடலும் பாடலுமாக விருந்து நடக்க, அவன் மட்டும் வெளியே நிற்கிறான். இத்தனை வருஷகாலம் உமக்கு ஊழியம் செய்தேனே என்று கணக்குக் கேட்கிறான். சொந்த வீட்டில் கூலிக்காரன் நினைப்போடு குடியிருந்திருக்கிறான், பாவம்!

எங்கள் அணிக்கும் ஒரு குட்டு வைத்துவிடுகிறேன். மனுஷன் நினைவு எப்படியோ அப்படியே அவன் என்று நீதிமொழிகள் 23:7ஐ எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முந்தின வசனத்தை வாசிப்பதில்லை. அது வன்கண்ணன், அதாவது கொடுக்க மனசில்லாத கஞ்சன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியது! ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ என்று வாய் சொல்லும். மனசு இட்லியை எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே நினைத்ததெல்லாம் நடக்கும் என்று இந்த வசனத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள். கண்ணை மூடி நினைத்தால் கார் வராது.

பிறகு எண்ணம் என்னதான் செய்யும்? நம்ம திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூருக்குப் போய்ப் பாருங்கள். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா, 1901 முதல் அங்கே எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார். 1931இல் களக்காட்டில் குழியில் விழுந்து கால் முறிந்தது. ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் பழையபடி நடமாட முடியவில்லை. 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறை. சூழ்நிலைதான் எல்லாம் என்றால் அவர் கதை 1931லேயே முடிந்திருக்க வேண்டும். படுத்த படுக்கையில் புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். வலி போகவில்லை, அந்த வலி அவரை என்னவாக ஆக்க வேண்டும் என்பதை வலியிடம் விடவில்லை, அவ்வளவுதான். உண்மையானவை, ஒழுக்கமானவை, அன்பானவை எவையோ அவைகளையே சிந்தியுங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது, அவர் கையிலும் விலங்குதான்.

கடைசியாக, கடவுள் இஸ்ரவேலருக்கு வாக்களித்த கானான் தேசத்தை மோசே அனுப்பி வேவு பார்க்கப்போன 12 பேர். அதே 40 நாள், அதே திராட்சைக்குலை. 10 பேர், “நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம்” என்றார்கள். ராட்சதன் சொல்லுமுன் இவர்களே சொல்லிக்கொண்டார்கள்! ஜனங்களும் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். அதனால், போகலாம் என்று சொன்ன காலேபும் மற்றவர்களோடு சேர்ந்து வனாந்தரத்தில் அலைந்தார். நம்ம திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு மாதிரி வெயில், வருஷக்கணக்காக வானத்திலிருந்து வந்த அதே மன்னாதான் சாப்பாடு. அத்தனைக்கும் பிறகு 85 வயதில், மோசேக்குப் பின் தலைவரான யோசுவாவிடம் வந்து, ராட்சதர் குடியிருக்கும் மலைநாட்டைத்தான் எனக்குக் கொடும் என்று கேட்கிறார்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சி, காலேபுக்கு எந்தச் சூழ்நிலை சாதகமாக இருந்தது என்பதை முதலில் சொல்லட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.