கடலெண்ணெய்க்குள்ள தண்ணியைத் தூளாக்கும் மின்சாரம் | காட்பாடி லேப் வ்லாக்

வணக்கம் மக்களே! காட்பாடில ஒரு காலேஜ் லேப்ல இருந்து பேசறேன். இந்தக் கண்ணாடி பீக்கர்ல இருக்கறது ஆற்காட்டுல செக்குல ஆட்டி வாங்கின கடலெண்ணெய். ஊசி வழியா உள்ள தண்ணி இறங்குது பாருங்க. சொட்டு சொட்டா, உருண்டையா, நேரா அடியில போய் உக்காருது.

இப்ப சார் வோல்ட்டேஜ் ஏத்தறாரு. கேமராவை கிட்ட கொண்டு போறேன்... சொட்டு நீளுது, முனை கூராகுது... ஆ, கூம்பு! அதோட நுனியில இருந்து மெல்லிசா ஒரு இழை கெளம்பி, உடைஞ்சு தூளாப் பரவுது. எண்ணெய் மோராட்டம் வெளுத்துப் போச்சு. யாரும் கலக்கல, எதுவும் சுத்தல!

சொட்டை உருண்டையா பிடிச்சு வெக்கறது பரப்பு இழுவிசை. மேல சேர்ற மின்னூட்டம் அதை வெளிய தள்ளுது. ரெண்டும் சரிக்குச் சரியா மல்லுக்கட்டற நிலையிலதான் இந்தக் கூம்பு. 1964-ல ஜி.ஐ. டெய்லர்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி இதுக்குக் கணக்கு போட்டாரு: அச்சுக்கும் சரிவுக்கும் நடுவுல 49.3 டிகிரி. அதனாலதான் டெய்லர் கூம்புன்னு பேரு.

காத்துல வெறும் தண்ணியை வெச்சு இதைச் செய்யறது கஷ்டம். அதோட இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கூம்பு வர்றதுக்குள்ள காத்துலயே மின்சாரம் கசிய ஆரம்பிச்சுடும். எண்ணெய்க்குள்ள அந்த இழுவிசை பாதிக்கும் கீழ. அதோட எண்ணெய் காத்தை விட அதிக வோல்ட்டேஜைத் தாங்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். கச்சா எண்ணெய்ல கலந்திருக்கற தண்ணியைப் பிரிக்கறதுக்கும் மின்புலம்தான், அதாவது வோல்ட்டேஜ் குடுத்தா சுத்தி உண்டாகற மின்விசைதான்! அமெரிக்காவுல காட்ரெல்னு ஒரு விஞ்ஞானி இதுக்கு 1911-லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு. நம்ம ராணிப்பேட்டை பெல் (BHEL) கம்பெனில செய்யறாங்களே, புகைபோக்கி சாம்பலைப் பிடிக்கற ஈ.எஸ்.பி., அதுக்கும் முன்னோடி இவருதான்.

ஒரு இடத்துல உடைக்குது, இன்னொரு இடத்துல சேர்க்குது, எப்படி? ஊசியில இருந்து வர்ற துளி எல்லாத்துலயும் ஒரே மின்னூட்டம், அதனால ஒன்னை ஒன்னு தள்ளிக்கினே இருக்கும். கச்சா எண்ணெய்ல இருக்கற துளிக்குத் தனியா மின்னூட்டம் குடுக்கறதில்ல. புலம் பட்டா ஒரு முனை பாசிட்டிவ், மறுமுனை நெகட்டிவ். பக்கத்துத் துளியோட எதிர்முனையைப் போய்ப் பிடிச்சு ஒன்னாயிடும். அங்கயும் புலம் அளவுக்கு மீறினா சேர்ந்த துளி மறுபடி உடையும்.

இது பல ஆயிரம் வோல்ட், வீட்ல யாரும் கை வெக்காதீங்க. இப்ப சப்ளையை ஆஃப் பண்ணிட்டோம். அடுத்த வீடியோல இதே வெளுத்த எண்ணெய்க்கு ஏசி கரண்ட் (மாறுதிசை மின்சாரம்) குடுத்து, தண்ணி பிரியுதான்னு பார்க்கலாம்.