இரண்டு ஆபிஸ், ஒரு செக்ரோல்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். செக்ரோல் என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேடு அது. யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து, முழுநாள் சம்பளமான முழுப்பேரா அரைநாள் சம்பளமான அரைப்பேரா, எல்லாம் அதில் இருக்கும். அன்று அது ஒரே ஒரு தடித்த புத்தகம். ஒருவர் கையில் இருந்தால் இன்னொருவர் எழுத முடியாது. இன்று அதே செக்ரோல், ஆபிஸ் கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கும் கணினியான சேர்வரில் இருக்கிறது: ஹட்டன் தோட்டத்து ஆபிஸ் சேர்வரிலும் இருக்கிறது, கண்டி ஆபிஸ் சேர்வரிலும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

விண்டோஸ் சேர்வர் மென்பொருளில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் என்றொரு வசதி, 2003 ஆர்2 பதிப்பிலிருந்து உண்டு. ஓர் ஆபிஸில் மாற்றிய கோப்பை மற்ற ஆபிஸுக்கு அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். பெரிய கோப்பானால் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். ஆபிஸ்களை இணைக்கும் லைன் மெதுவான நம் மலைப்பகுதிக்குப் பெரிய உபகாரம். ஆனால், பக்கத்து மேசைக்காரர் கோப்பைத் திறந்திருந்தால் 'வேறொருவர் பாவிக்கிறார்' என்று கணினி தடுக்கிறதே, அந்தப் பூட்டு அடுத்த சேர்வருக்குப் போகாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கோப்பு போகும், பூட்டு போகாது.

ஓர் ஐப்பசி மழையில் லைன் அறுந்தது. பிற்பகலில் தோட்டத்து ஆபிஸில் ஓர் அக்காவின் அரைப்பேரை முழுப்பேராகத் திருத்தினார்கள். கண்டியில் இருந்ததோ பழைய பிரதி. மாலையில் அங்கிருந்த தம்பி அதைத் திறந்து, தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்த்துச் சேமித்தார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. இரவு லைன் வந்தது. இரண்டிலும் மாற்றம் இருப்பதைக் கண்ட சேர்வர், எது நியாயம் என்று கேட்கவில்லை, நேரத்தைப் பார்த்தது. பிந்திச் சேமித்த கண்டிப் பிரதியே நிலைத்தது, தோட்டத்துத் திருத்தம் தோற்றது.

சம்பள நாளில் அந்த அக்கா, கொழுந்துக் கறை ஏறிய விரலால் சம்பளத் துண்டில் அந்த ஒரு நாளைத் தொட்டுக் காட்டியபடி நின்றார். "அன்னைக்கு நான் முழு நாளும் மலையில் நின்றேன் ஐயா" என்றார். அன்று இரவு, தோட்டத்துச் சேர்வரில் மறைந்திருக்கும் முரண்பாட்டுக் கோப்புறையைத் திறந்தேன். தோற்ற பிரதிகளைச் சேர்வர் அங்கேதான் ஒதுக்குகிறது. பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக நீண்ட வால். திறந்தால், அக்காவின் முழுப்பேர் அப்படியே இருந்தது! இடம் நிறைந்தால் பழையவற்றைச் சேர்வரே அழித்துவிடும். நான் ஒரு மாதம் பிந்தியிருந்தால் கிடைத்திருக்குமோ தெரியாது.

ஆகவே எந்த ஆபிஸுக்குப் போனாலும் ஒன்றையே கேட்கிறேன். இந்தக் கோப்பில் எழுதுவது யார்? செக்ரோலைத் தோட்டத்து ஆபிஸ் மட்டும் எழுதட்டும், கண்டி வாசிக்கட்டும். விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 பதிப்பு முதல் ஒரு பக்கத்துப் பிரதியை வாசிக்க மட்டும் என்று வைக்கலாம். சேமலாப நிதிக் கணக்குக்குத் தனிக் கோப்பு, அதைக் கண்டி எழுதட்டும். சேர்வர்களின் கடிகாரங்களும் ஒத்திருக்கட்டும்; தீர்ப்பு நேரத்தை வைத்துத்தானே!

காப்புப் பிரதி பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: இரண்டு சேர்வரில் இருப்பது காப்புப் பிரதி ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.